கலிஃபோர்னியா வரை பயந்துகொண்டே

“போலீஸ் நிறுத்தினா கைய ஸ்டீயரிங்லயே வைங்க மாமா. கதவத் தொறக்காதீங்க. எதையும் எடுக்கக் குனியாதீங்க.”

நியூ ஜெர்சியில் என் தங்கை மகள் சிந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்பதையெல்லாம் அதற்கப்புறம்தான் கேட்டாள்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறியவன். ராஜஸ்தான், சத்தீஸ்கர், பிறகு கடல் தாண்டித் தான்சானியா என்று வண்டி போன இடமெல்லாம் நானும் போனேன். ஓட்டத் தெரியும் என்பதால்தான் தங்கை கலைவாணி என்னைக் கூப்பிட்டாள். சிந்து காலேஜ் முடித்துவிட்டாள். அறையைக் காலி செய்து, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கலிஃபோர்னியாவில் லிவர்மோர் பக்கம் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கு வர வேண்டும். அவளைத் தனியாக விடப் பெற்றவர்களுக்குப் பயம். இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. முன்பு எடுத்த டூரிஸ்ட் விசா என்னிடம் சும்மா கிடந்தது.

ஆனால் வேலை அது மட்டுமல்ல. கிளம்புவதற்கு முன் கலை போனில் சொன்னாள்: “அண்ணா, வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் சும்மாதான வருவீங்க? அவ மனச மாத்திக் கூட்டிட்டு வந்துருங்க. நாங்க சொன்னாச் சண்டைதான் வருது. தாய்மாமன் சொன்னாக் கேப்பா.”

மாற்ற வேண்டியது இதுதான். ஐரோப்பிய அரசியல் படிக்க சிந்துவுக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷம் பிரான்ஸ், அடுத்த வருஷம் ஜெர்மனி. முடித்தால் இரண்டு பல்கலைக்கழகமும் ஆளுக்கொரு முதுகலைப் பட்டம் கொடுக்கும். படிப்பில் யாருக்கும் குறை இல்லை. பயம் வேறு. மூன்று வயதில் அமெரிக்கா வந்தவள் அவள். இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. அப்பா அம்மாவே கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார்கள். இருபத்தொரு வயதானதும் பெற்றோரின் விசாவிலிருந்து பிள்ளை கழன்றுவிடும். அதனால் அவள் மாணவர் விசாவில் இருந்தாள். இப்போது வெளியே கால் வைத்தால் அதுவும் போய்விடும். திரும்பி வரவேண்டுமென்றால் புதிதாக ஒன்று கேட்க வேண்டும். கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் போவார்கள். பெற்றவர்களும் போய்ப் பார்க்க முடியாது. வெளியே போனால் உள்ளே வர மறுபடி தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் வேண்டும், மறுத்துவிட்டால் வீடும் வேலையும் இங்கே நிற்க அவர்கள் அங்கே நிற்க வேண்டும். அந்தப் பயத்திலேயே மாப்பிள்ளை, கலையின் புருஷன், தன் அப்பாவின் சாவுக்குக்கூட வரவில்லை. ஊரில் நான்தான் கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வீடியோவில் பார்த்தார்.

சிந்து குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு மாயவரத்து அம்மாள். புருஷன் இல்லை. மாடியை மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இறங்கி நடந்தால் இட்லிக் கடை, அதற்கடுத்து நகைக் கடை, அதற்கடுத்து மறுபடி இட்லிக் கடை. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேனோ என்று கொஞ்சம் தைரியம் வந்தது. அந்த அம்மாள் வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “ஏண்டி, யூரோப் பாலிடிக்ஸ் படிச்சு நீ என்ன பண்ணப்போற? இங்க இருக்கற பாலிடிக்ஸே தாங்கல.”

“இதத் தாங்கணும்னாதான் ஆன்ட்டி அதப் படிக்கணும்” என்றாள் சிந்து.

“நன்னா பேசு. சார், நீங்க சொல்லப்படாதா?”

நான் சிரித்து வைத்தேன். சாமான்களை ஏற்றியது போதும் என்று வண்டியை எடுத்தோம்.

நான் ஓட்டிய வண்டிகளுக்கு இந்தக் கார் ஒரு பொம்மை. இருந்தும் முதல் நாள் என் சட்டை நனைந்தது. இடது கை கியரைத் தேடும், அங்கே கதவுதான் இருக்கும். தான்சானியாவிலும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். இங்கே எல்லாம் மாறிக் கிடந்தது. ஆனால் பயம் அதனால் அல்ல. வண்டி அவள் பேரில் இருந்தது. நான் எங்கேயாவது இடித்துவிட்டால், ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டால், அது யார் பேரில் ஏறும்? எந்தக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்த நாளில் அவளுக்கு எதிராக எழுந்து நிற்கும்? ரிக் வண்டியோடு சேற்றில் இறங்கி நாள் கணக்கில் கிடந்தபோதுகூட எனக்கு என் உயிரைப் பற்றித்தான் பயம். பிறத்தியார் காகிதத்துக்காகப் பயந்தது இதுதான் முதல் தடவை.

ஒருவன் குறுக்கே வந்தான். ஹாரனை அழுத்தினேன். சிந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். “அடிக்காதீங்க மாமா! யார்கிட்ட கன் இருக்கும்னு தெரியாது.” எங்கள் ஊரில் லாரிக்குப் பின்னாலேயே ஹாரன் அடி என்று எழுதி வைத்துக்கொண்டு போகிறோம்.

அவளும் பாதி தூரம் ஓட்டினாள். அப்போது நான் இன்னும் அதிகம் பயந்தேன்.

முதல் நாள் ராத்திரி தங்கிய மோட்டலை நடத்தியவர் குஜராத்திக்காரர். ராஜஸ்தானில் பழகிய இந்தியை எடுத்துவிட்டேன். அவருக்குச் சந்தோஷம். காலையில் எங்களுக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மாவை ஒரு இரும்பு அச்சில் ஊற்றிக் கவிழ்த்து, எனக்கும் ஒன்று சுட்டுக் கொடுத்தார். கட்டம் கட்டமாக இனிப்பு ஆப்பம் மாதிரி இருந்தது. “நீங்கள் இருவரும் எந்த ஊர்?” என்று கேட்டார். சிந்து கலிஃபோர்னியா என்றாள். “இல்லை செல்லம், முதலில் எந்த ஊர்?” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் சிந்து தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் புளியோதரையைக் காட்டிச் சமாதானம் செய்தேன். கிழவி ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணீர் விட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் காரில் பேச்சை ஆரம்பித்தேன். சிந்து தமிழ் நன்றாகப் புரிந்துகொள்வாள். பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். தான்சானியா ஆங்கிலத்தை வைத்து நான் பிடித்துக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

“ஒரு டிகிரி பத்தாதா கண்ணு? எதுக்கு ரெண்டு நாட்டுல ரெண்டு?”

“அந்த ரெண்டு நாடும் மூணு பெரிய சண்டை போட்டுக்கிட்டாங்க மாமா. லட்சக்கணக்குல செத்தாங்க. இப்ப ஒரே கிளாஸை ரெண்டு ஊர்லயும் நடத்தறாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்தும் பாக்கணும், இந்தப் பக்கத்துலேர்ந்தும் பாக்கணும்னு.”

எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட இரண்டு ஊர்கள் இன்றும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. அதைச் சொன்னேன். “அவங்களையும் படிக்க வைக்கணும்” என்று சிரித்தாள். சிரித்த நேரம் பார்த்து நான் வந்த வேலையை எடுத்தேன். “அதில்ல சாமி. அப்பா சொல்ற மாதிரி ஒரு வருசம் இங்க வேல பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல ஒரு மாஸ்டர்ஸ் போட்டுட்டு…”

சிந்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். அந்த மாநிலம் முழுவதும் நாங்கள் பேசவில்லை. அதன் பெயரும் எனக்கு நினைவில்லை. மரங்கள் மட்டும் நிறைய இருந்தன.

டெக்ஸஸுக்குள் நுழைந்த பிறகு அது நடந்தது. பெட்ரோல் போட்ட இடத்தில் வேகவைத்த நிலக்கடலை விற்றார்கள். நம் ஊர் மாதிரியே உப்புப் போட்டு வேகவைத்தது. அதை உரித்துத் தின்றுகொண்டே ஓட்டினேன். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரம் கட்டினேன்.

எங்கள் ஊரில் போலீஸ் வண்டியை நிறுத்தினால் டிரைவர் என்ன செய்வான்? இறங்குவான். தோளில் துண்டு இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான். ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்கு நடந்து போவான். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால், “என்னடா, தொரை எறங்க மாட்டீங்களோ?” என்பார்கள். பல வருஷம் அப்படி இறங்கிய கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டன. கதவைத் திறந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, சிரித்த முகமாக அந்தப் போலீஸ்காரரை நோக்கி நான்கு எட்டு வைத்துவிட்டேன்.

அவர் கத்தினார். இடுப்பில் கை போயிற்று. காருக்குள்ளிருந்து சிந்து போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “மாமா! கைய வெளிய எடுங்க! நில்லுங்க! அப்படியே நில்லுங்க!”

நின்றேன். பையிலிருந்து கையை எடுத்தேன். அதில் இரண்டு நிலக்கடலையும் பாஸ்போர்ட்டும் இருந்தன. இரண்டு கையையும் தூக்கினேன். கடலை கீழே விழுந்தது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது.

சிந்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். என் மாமா, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், அங்கே இறங்குவதுதான் மரியாதை, தயவுசெய்து, சார், தயவுசெய்து. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

போலீஸ்காரருக்கு முப்பது வயது இருக்கும். முகம் வெளுத்திருந்தது. அவரும் பயந்துதான் இருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை என்பதற்காக நிறுத்தினாராம். என் பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பார்த்தார். “இனிமேல் இறங்காதீர்கள், ஐயா. உங்கள் உயிர் போயிருக்கும்” என்றார். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்.

அடுத்த ஊரில் பல்பு மாற்றினோம். சிந்து என்னைத் திட்டவில்லை. “அவர் என்னோட பேரை எழுதினாரா மாமா?” என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அன்று சாயங்காலம் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் தங்கினோம். மாப்பிள்ளையோடு படித்த சண்முகத்தின் வீடு. கரூர்க்காரர், எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மனைவி ராதிகா சென்னை. ஒரே மகள் அனன்யா, அங்கேயே பிறந்தவள், பத்து வயது. மட்டன் குழம்பும் இடியாப்பமும் வைத்திருந்தார்கள். போலீஸ் கதையைச் சொன்னோம். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ராதிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணா, ஐ ஆம் டெல்லிங் யூ, இனிமே இவ போலீஸ்கிட்ட ஒரு ஃபைன் டிக்கெட் கூட வாங்கக்கூடாது. எல்லாம் அவங்க சிஸ்டம்ல இருக்கும்.”

சண்முகம் என் தட்டில் கறியைப் போட்டார். “மச்சான், நீங்களே சொல்லுங்க. இந்த நேரத்துல எவனாச்சும் வெளிய போவானா? உள்ள இருக்கறவனே மூச்ச அடக்கிட்டு இருக்கான். நான் என்ற தம்பி கல்யாணத்துக்குப் போகல. லாயர் வேண்டாம்னுட்டான். இவ என்னடான்னா பாலிடிக்ஸ் படிக்கப் போறாளாம். ஏம்மா, பிரான்ஸ்ல எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?”

“அங்கிள், டெபாசிட் போயிரும்” என்றாள் சிந்து.

“ஜோக் அடி. விசா ஸ்டேட்டஸ் போனா ஜோக் வராது.”

அதுவரை இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த அனன்யா தலையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: “நான் போகலாம்தானே? என்னிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறதே.”

அந்த மேஜையில் பயமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். “சாப்டுடி” என்றார் ராதிகா.

அந்த வீட்டுப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. கலை சொல்வது சரிதான், எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மேற்கு டெக்ஸஸ் அதற்கு நல்ல இடம். நாள் பூராவும் ஓட்டினாலும் அதே புதர், அதே வானம். ராஜஸ்தானில் பார்மர், பாலி பக்கம் போன மாதிரி இருந்தது, ஒட்டகம்தான் இல்லை. அப்பாவின் ரத்தக்கொதிப்பைச் சொன்னேன். அம்மா அழுததைச் சொன்னேன். நாளைக்கு அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் நீ உள்ளே வர முடியாமல் வெளியே நிற்பாய் என்றும் சொன்னேன். அது அவளைத் தொட்டது. “தெரியும் மாமா” என்றாள். “தாத்தா செத்தப்ப அப்பா ஆபீஸ் பேன்ட்டோட ஒக்காந்து பாத்தார். எனக்கு ஞாபகம் இருக்கு.” பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எல் பாசோ தாண்டி, நெடுஞ்சாலையிலேயே எல்லா வண்டிகளையும் ஓர் ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். மேலே தகரக் கூரை, கீழே பச்சை உடுப்புக்காரர்கள், கையில் நாய். எல்லைக் காவல். நாங்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை, தாண்டப் போவதும் இல்லை. இருந்தாலும் கேட்பார்களாம். அப்போது சிந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் வரிசையாகக் கார்கள்.

எனக்கும் பயம்தான். ஆனால் என்னிடம் விசா இருந்தது, திரும்பிப் போக ஊர் இருந்தது. மிஞ்சிப் போனால் அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் பார்த்தேன். அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. உதடு எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு பாக்கறேன்” என்றாள். வேறு மொழியில் கனவுகூடக் கண்டிராத பெண்.

முன்னால் போனவர்களை அந்த ஆள் கையசைத்து அனுப்பினார். எங்களிடம் குனிந்தார். இரண்டு பேரும் அமெரிக்கக் குடிமக்களா என்று கேட்டார். இல்லை என்றாள் சிந்து. காகிதங்களைக் கொடுத்தாள். அவர் புரட்டினார். எங்கே பிறந்தாய், எங்கே போகிறாய், எதற்கு. வீட்டுக்கு, என்றாள். வீடு எங்கே என்றார். லிவர்மோர் பக்கம் என்றாள். அவர் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாய் டயரை முகர்ந்தது. பட்டம் பெற்றதற்கு வாழ்த்துகள் என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஓய்விடம் வந்தது. சிந்து வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரத்தில் போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன். கூரை போட்ட சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“மூணு வயசுலேர்ந்து இப்படித்தான் மாமா. லெட்டர் வந்தா பயம். ஸ்கூல் ட்ரிப்னா பயம். அப்பாவுக்கு மீட்டிங்னா பயம்” என்றாள். “பிரான்ஸ் ஜெர்மனி பார்டர்ல நடு ரோட்டுல ஒரு கூண்டு நிக்குமாம். அந்தக் காலத்துல பாஸ்போர்ட் பாத்த கூண்டு. இப்ப காலியா இருக்குமாம். பஸ்ஸு நிக்காமப் போகுமாம். சில எடத்துல திரும்பவும் ஆளப் போட ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு நாடு எதுக்கு கூண்டக் காலி பண்ணுது, எதுக்கு மறுபடி ஆளப் போடுது? எனக்கு அதத்தான் தெரிஞ்சுக்கணும். இவ்ளோ நாள் பயந்ததுக்கு அதாவது தெரிய வேண்டாமா?”

ஏற்கெனவே பாதி ஜெயித்ததை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

லிவர்மோருக்குக் கிழக்கே மலை முழுக்கக் காற்றாலைகள். பல்லடம் பக்கம் வந்த மாதிரி இருந்தது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கலையின் வீடு. மாப்பிள்ளை தினமும் விடியுமுன் கிளம்பி அந்த மலையைக் காரில் தாண்டி வேலைக்குப் போய், இருட்டித்தான் வருவார். கலை அரிசிம்பருப்புச் சாதம் வைத்து நெய் ஊற்றினாள். சிந்து குளிக்கப் போன சமயம் என்னிடம் குனிந்தாள்.

“மாத்தீட்டீங்களாண்ணா?”

“இல்ல.”

“ஒரு லோடு இரும்பத் திருப்பிக் கொண்டாரச் சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பீங்க. ஒரு புள்ள மனசத் திருப்ப முடியல.” நெய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் அந்த வீட்டில் பேச்சும் இல்லை, சண்டையும் இல்லை. ரசம் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. மாப்பிள்ளை எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்: “இங்கயே அப்ளை பண்ணு சிந்து. அப்பறம் பாக்கலாம்.” குரலை உயர்த்தவே மாட்டார். பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. கடைசியில் கலைதான் சொன்னாள்: “பூக் கேட்டுப் பாத்துரலாம்.”

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனசு ஒரு நிலையில் நிற்காதபோது சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் கட்டி, சாமி முன் வைத்துக் கும்பிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வந்ததை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் இடம் பார்த்துத் துளை போட்ட கிணறுகளில் பாதிக்கு மேல் இப்படிக் கேட்டுப் போட்டவைதான். சிலதில் தண்ணீரும் வந்தது.

சிந்து ஒப்புக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். தோட்டத்தில் தனியாக இருந்தபோது கேட்டேன். “எனக்கும் பயமா இருக்கு மாமா. வேற யாராவது சொல்லிட்டாப் பரவால்ல” என்றாள்.

வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்க வேண்டும். எதிலும் தலையிடாத மாப்பிள்ளை, “பூவ நான் வாங்கிக் கட்டிட்டு வர்றேன். நீ கட்டுனா அவ நம்ப மாட்டா, அவ கட்டுனா நீ நம்ப மாட்ட” என்றார். நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் சிவனும் பெருமாளும். பூக் கேட்பதெல்லாம் எங்கள் பக்கத்து வழக்கம், அங்கே யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. அர்ச்சனை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, தட்டில் இரண்டு பொட்டலங்களையும் வைத்தோம். வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாள். பக்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் அம்மாவிடம் கேட்டுக் கூட்டி வந்தேன்.

“ஒண்ணு எடு கண்ணு” என்றாள் கலை.

“எடுத்தால் எனக்கே கொடுத்துவிடுவீர்களா?” என்று அது ஆங்கிலத்தில் கேட்டது.

கலை கண்ணை மூடிக்கொண்டாள். சிந்து தரையைப் பார்த்தாள். குழந்தை இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்து, தாளைக் கிழித்தது. வெள்ளை ரோஜா.

கலை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “சாமியே சொல்லிருச்சு. இனி நான் பேசல” என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிந்து எழுந்து போய் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. இனி தப்பிக்க வழியில்லை என்ற முகமாக இருந்தது. குழந்தை பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டது.

மிஞ்சிய பொட்டலத்தை அங்கேயே விடக்கூடாது என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி. மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்கிற புத்தி எனக்கு. தாளைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“கடைல செவப்பு கெடைக்கல மச்சான்” என்றார்.

அமெரிக்காவில் சிவப்பு ரோஜா கிடைக்காத கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் குனிந்து ஒரு செருப்பை மாட்டினார். மற்றதை மாட்டவில்லை.

“போம்மான்னு சொல்ல எனக்கு வாய் வராது மச்சான்” என்றார். “நான் சொல்லி அவ போயி, நாளைக்கு அங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா, கலை என்னயப் பாக்க மாட்டா. சாமிய ஒண்ணும் பண்ண முடியாதில்ல.”

பூவைத் தொட்டிக்குள் போட மனம் வரவில்லை. வேலியோரம் இருந்த செடிக்கடியில் வைத்துவிட்டு உள்ளே போனோம்.

அந்தக் கோடை முழுவதும் பயத்தை ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டோம். கலை பருப்புப்பொடி அரைத்தாள். நான் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி எடை பார்த்தேன். மாப்பிள்ளை இரவெல்லாம் செய்தி பார்த்தார். ஆகஸ்ட் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் போனோம். பெட்டிகளைப் போட்டு, போர்டிங் பாஸ் வாங்கியதும் மாப்பிள்ளை ஒரு ஊழியரிடம் போனார். கையில் ஒரு கட்டு காகிதம். நானும் கூடப் போனேன்.

“இமிக்ரேஷன் கவுன்டர் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். “என் மகள் வெளிநாடு போகிறாள். அங்கே நானும் கூட நிற்கலாமா?”

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். வெளியே போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை, சார். பை சோதனை முடிந்தால் நேராக விமானம்தான்.

“யாரும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்களா?”

“மாட்டார்கள், சார்.”

மாப்பிள்ளை நகரவில்லை. அவர் வெளியே போய் அத்தனை வருஷமாகியிருந்தது, மறந்துவிட்டார். இன்னும் ஒரு மேஜை இருக்கும், அங்கே ஒரு ஆள் எதையாவது புரட்டிப் பார்த்து, ‘நீ போக முடியாது’ என்று சொன்னாலும் சொல்வான் என்று அவர் கடைசிவரை நம்பியிருக்க வேண்டும்.

சிந்து எங்களைக் கட்டிக்கொண்டாள். என் காதில், “அங்க வந்து பஸ் ஓட்டுங்க மாமா” என்றாள். அம்மாவை விட்டாள், அப்பாவை விட்டாள், கயிறு கட்டிய வரிசைக்குள் போய்விட்டாள். வளைந்து வளைந்து போனாள். ஒரு திருப்பத்தில் கை காட்டினாள். அப்புறம் பிறத்தியார் முதுகுகள்தான் தெரிந்தன.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

“உள்ள வந்துட்டேன்பா. யாரும் ஒண்ணுமே கேக்கல.”

“கேக்க மாட்டாங்கம்மா” என்றார். “கேக்கறதெல்லாம் உள்ள வர்றப்பத்தான்.”

கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். கலை பின் ஸீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார், மூடினார், சுற்றி வந்து சாவியை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே ஓட்டுங்க மச்சான். எனக்குக் கை நிக்கல.”